கல்லுக்கும் சமாதிக்கும் முப்பது அடி

எல்லைக்கல்லுக்கும் நாகராஜனின் சமாதிக்கும் நடுவே முப்பது அடி இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் உலகநாதன் குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட நடந்து அளந்தபோது இருபத்தாறுதான் இருந்தது.

கல் நகர்வதில் அவருக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. எட்டு வருடமாக அதை நகர்த்திப் பழக்கியவரே அவர்தான். வரப்பு கழிக்கிற சாக்கில் வருடத்துக்கு ஒரு சாண். பக்கத்து நிலத்துக்காரரான நாகராஜன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன மாதம் மாரடைப்பில் போய்விட்டவரை அவர் நிலத்திலேயே அடக்கம் செய்து, கல்லிலிருந்து முப்பது அடி தள்ளி சிமெண்டு மேடு கட்டியிருந்தார்கள்.

ஆனால் இந்த முறை கல் யாரும் தொடாமலே போயிருந்தது. அதுவும் வெள்ளிக்கிழமை சர்வேயர் அளக்க வருகிற சமயத்தில். சுத்துக்கேணி கிராமத்தில் யார் வரப்புச் சண்டை போட்டாலும் தீர்ப்புச் சொல்கிறவர் உலகநாதன். அவர் கல்லே செத்தவர் நிலத்துக்குள் போய் நின்றால் அப்புறம் தெருவில் நடக்க முடியுமா?

மழையில் வரப்பு கரைந்து, இரண்டு நிலமும் ஒரே சேறாகக் கிடந்தது. சமாதியைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. அதிலிருந்து முப்பது அடி எண்ணி, கல்லை நாலடி பின்னால் இழுத்து நட்டார்.

"இன்னாங்க இது, வேட்டி பூரா சேறு?" என்றாள் மனைவி அமுதம்.

"கல்லு நடக்குதுடி."

"எட்டு வருசமா நடக்குது. இப்பதான் உங்களுக்குத் தெரியுதா?"

புதன்கிழமை இருபத்திரண்டு அடி. எட்டடி பின்னால் இழுத்தார். வியாழக்கிழமை பதினைந்து.

"செஞ்சதெல்லாம் திரும்பி வருது," என்றாள் அமுதம். "குப்பு அக்காகிட்ட மன்னிப்பு கேட்டுடுங்க."

நாகராஜனின் மனைவி குப்பு, தவளக்குப்பத்தில் மகள் வீட்டில் இருந்தாள். உலகநாதன் போன் போட்டார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும்..."

"கல்லு விசயந்தானேண்ணா? அவருக்கு அப்பவே தெரியும்."

"தெரியுமா? பின்ன ஏன் கேக்கல?"

"'இன்னா அவசரம், ஒரு நாளு நானே நேர்ல போயி கேட்டுக்கறேன்'னுவாரு. பாவம், அதுக்குள்ள போயிட்டாரு."

போனை வைத்த கையோடு உலகநாதன் ரெண்டு மூட்டை சிமெண்டு வாங்கினார். கல்லைப் பதினைந்து அடி பின்னால் இழுத்து, குழி தோண்டி, இடுப்பளவு கான்கிரீட் போட்டார். ஈரம் காயுமுன் ஆணியால் தேதி எழுதினார். உச்சியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்.

"இப்ப நட, பாக்கலாம்," என்று கல்லைப் பார்த்துச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் கான்கிரீட்டில் ஒரு கீறல் இல்லை. தேதி அழியவில்லை. எலுமிச்சம்பழம் உருளவில்லை. சமாதி மட்டும் ஒன்பது அடியில் இருந்தது.

கல், கான்கிரீட்டையும் பழத்தையும் சுமந்துகொண்டு, பழம் விழாமல் பதமாக நடந்து போயிருக்கிறது. உலகநாதன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சர்வேயர் முத்துக்குமரன் வந்து மிஷினை நிறுத்தி அளந்தார். கணக்குப் போட்டார். மறுபடி அளந்தார்.

"அண்ணே, எல்லாரும் கல்ல அடுத்தவன் பக்கம் தள்ளுவாங்க. நீங்க இருபத்தோரு அடி உங்க நெலத்துக்குள்ள நட்டு வெச்சிருக்கீங்க. இப்பிடி ஒரு மனுசன நான் பாத்ததில்ல!"

"என் நெலத்துக்குள்ளயா? இன்னாப்பா சொல்ற? நேத்து சமாதிலேர்ந்து முப்பது அடி எண்ணித்தான் நட்டேன். காலைல பாத்தா ஒம்போது. கல்லு ராத்திரில நடக்குதுப்பா!"

முத்துக்குமரன் பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்தார். போன மாதம் சமாதி கட்ட இடம் அளந்து கொடுத்தவரும் அவர்தான். படத்தைப் பார்த்தார், சிமெண்டு மேட்டைப் பார்த்தார், அதற்கு நேர் எதிரே தெரிந்த உலகநாதன் வீட்டு வாசலைப் பார்த்தார். பிறகு அவசர அவசரமாக மிஷினின் மூன்று காலையும் மடக்கினார்.

"கல்லு நட்ட எடத்துலதாண்ணே நிக்குது. சமாதிதான் உங்க வூட்டப் பாத்து வந்துகினு கீது."