விருந்தாளியின் முழங்கை

ஒரு வீடு சிறியதா பெரியதா என்பதை அதில் குடியிருப்பவர்களே முடிவு செய்துவிட்டால் ஒழுங்கு என்ன ஆவது? அதனால்தான் அதற்கென்று ஓர் அலுவலகம் வைத்திருக்கிறார்கள். குடியிருப்பு ஒதுக்கீட்டு அலுவலகம் என்று பெயர். அதன் தபால் பிரிவில் இருந்த எழுத்தர், அந்த அலுவலகமே ஒதுக்கிய வீட்டில் குடியிருந்துகொண்டு, அந்த வீடு போதவில்லை என்று அந்த அலுவலகத்துக்கே வருஷா வருஷம் தெரிவித்துக்கொண்டிருந்தார்.

வீடு என்பது ஒரு கூடம், ஆள் திரும்பினால் அடுப்பும் கதவும் ஒரே சமயத்தில் இடிக்கிற சமையலறை, ஒரு குளியலறை. அவ்வளவுதான். வேலை தேடி இரண்டு நாள் தங்கிப் போக வந்த மச்சினன் எட்டு மாதமாகத் தங்கியிருந்தான். இரவில் அவன் தலை கூடத்திலும் கால் சமையலறையிலும் இருக்கும். காலையில் பால் காய்ச்சப் போகிறவர்கள் அவனைத் தாண்டித்தான் அடுப்பை அடைய வேண்டும். பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கும் மகள், தொலைக்காட்சிச் சத்தத்துக்கும் மாமாவின் குறட்டைக்கும் தப்பிக் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். யாராவது கதவைத் தட்டினால் வரலாற்றுப் புத்தகத்தோடு வெளியே வருவாள். வந்தவர் வேலை முடிந்து போனதும், விட்ட போரிலிருந்து மறுபடி தொடங்குவாள். முன்தேர்வில் இரண்டு பாடத்தில் கோட்டை விட்டிருந்தாள். அவளுக்கு ஒரு மேசை போட இடம் வேண்டும். எழுத்தருக்கு வாழ்க்கையில் வேறு ஆசை கிடையாது.

இந்நிலையில் அலுவலகத்தில் ஒரு சீர்திருத்தம் சுற்றறிக்கையாக வந்தது. இயக்குநர் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய் மனம் மாறித் திரும்பியிருந்தார். அளவு நாடாவோடு போய் மக்களின் வீட்டை அளப்பது மனித மாண்புக்கு இழுக்கு என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இனிமேல் ஆய்வு அலுவலர் விருந்தாளியாகத்தான் போக வேண்டும். அன்போடு சாப்பிட வேண்டும். அவ்வாறு சாப்பிடுங்கால் அன்னாரது முழங்கை சுவரிலோ, பொருளிலோ, பிறர்மேலோ மூன்று முறைக்குக் குறையாமல் இடிக்குமாயின் அவ்வீடு நெருக்கடியுள்ளது எனக் கொள்ளப்படும். இடிக்காதாயின் அவ்வீட்டார் நெருக்கடி இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் எனக் கொள்ளப்படும்.

எழுத்தர் வீட்டுக்கு ஓடிவந்து மனைவியிடம் சொன்னார்: "மூணே மூணு தடவைதான். இடிச்சா ரெண்டு அறை வீடு. பொண்ணுக்கு மேசை."

"வர்றவரோட முழங்கையை இடிக்கிறதா? சோறும் போட்டு இடியும் கொடுக்கிறதா?"

"இடிக்கிறது நாம இல்ல. வீடு."

"நல்லாயிருக்கே! வீட்டுக்கு வந்தவர் இடிச்சுக்கிட்டுப் போனா ஊர்ல யாரைச் சொல்லுவாங்க? சுவரையா? என்னைத்தானே சொல்லுவாங்க!"

குளியலறைக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. "அம்மா, ஒரே ஒரு நாள் மரியாதை இல்லாம இரேன்மா. எனக்காக."

பெற்ற மனம் இளகியது. "சரி. நான் வாயைத் திறக்கல. கையை அசைக்கல. போதுமா?"

எழுத்தர் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஓர் இரும்பு அலமாரியை இரவல் வாங்கி, சாப்பாட்டு மேசைக்கு வலப்பக்கம் நெருக்கி நிறுத்தினார். இடப்பக்கம் மச்சினனுக்கு நாற்காலி. இடித்ததும் சத்தம் கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு உத்தரவு.

"எவ்வளவு சத்தம் அத்தான்?"

"அலுவலர் மறக்க முடியாத அளவுக்கு."

குறித்த நாளில் ஆய்வு அலுவலராக உதவி இயக்குநர் வந்தார். அகலமான மனிதர். வாசற்படியில் அந்த அகலத்தைப் பார்த்ததுமே எழுத்தருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார் உதவி இயக்குநர், சுற்றறிக்கையில் கண்டுள்ளபடி. சும்மா வரவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் ஆய்வு என்ற சொல்லை யாரும் உச்சரிக்கலாகாது என்று விதி இருந்ததால், எல்லோரும் எதிர்பாராத சந்தோஷத்தில் திடுக்கிட்டார்கள்.

உட்கார்ந்ததும் அவர் கூடத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். வீட்டில் சாமான் இல்லாமல் வாழ்வது அப்போது பெரிய மனிதர்களிடையே பரவிக்கொண்டிருந்த நாகரிகம். அதில் அவர் முன்னணியில் இருந்தார்.

"வெறுமைதான் சார் விசாலம். நான் என் வீட்ல சோபா, கட்டில், பீரோ எல்லாத்தையும் தூக்கிட்டேன். பெரிய கூடத்துல ஒரே ஒரு மேசை. அந்த மேசையில ஒண்ணுமே கிடையாது. முன்னால உட்கார்ந்து அதைப் பார்த்துக்கிட்டே இருப்பேன்."

"எங்ககிட்டயும் ஒண்ணுமே கிடையாது சார்" என்றார் எழுத்தர்.

"அது வேற. உங்களுக்கு இல்லாததால இல்ல. எனக்கு இருந்தும் இல்ல."

சாப்பாடு வந்தது. உதவி இயக்குநர் கரண்டியை எடுக்கக் கையை நீட்டினார். வலது முழங்கை அலமாரியில் மோதி 'டங்' என்றது. எழுத்தருக்கு அது கோயில் மணியாகக் கேட்டது. இடது கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு சோற்றைப் பிசையத் தொடங்கியதும் அந்த முழங்கை மச்சினனின் விலாவில் இறங்கியது. "ஐயோ, செத்தேன்!" என்று மச்சினன் கத்திய கத்தலில் மாடி வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். எட்டு மாதத்தில் அவன் ஒழுங்காகச் செய்த முதல் வேலை அது.

இரண்டாகிவிட்டது. குளியலறைக்குள் புத்தகம் புரளும் சத்தம்கூட நின்றிருந்தது. எழுத்தரின் கண்ணுக்கு இரண்டாவது அறையின் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலோரம் மேசை தெரிந்தது. மேசைமேல் விளக்கும் எரிந்தது. இன்னும் ஒன்றுதான்.

உதவி இயக்குநருக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர்ச் செம்புக்காகச் சட்டென்று திரும்பினார். முழங்கை அலமாரியின் கூர்மையான இரும்பு மூலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"பார்த்து சார்!"

எழுத்தரின் மனைவி கரண்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, முழங்கைக்கும் மூலைக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்துவிட்டாள்.

அந்தப் பாய்ச்சலில் விக்கல்கூட நின்றுவிட்டது.

"சார்," என்றார் எழுத்தர் மெதுவாக, "கையும் 'பிறர்மேல்' என்பதில் அடங்கும் இல்லையா?"

சுற்றறிக்கையின் ரகசியத்தை இருவரும் ஒரு கணம் மறந்தார்கள். உதவி இயக்குநர் யோசித்தார். "இடின்னா வலிக்கணும் சார். இது மெத்தையில வெச்ச மாதிரி இருந்துச்சு. இதை இடின்னு எழுதினா என் மனசாட்சி ஒத்துக்காது."

கையலம்ப எழுந்தவர் குளியலறைக் கதவைத் தட்டினார். புத்தகத்தோடு மகள் வெளியே வந்தாள். அழுதிருந்தாள்.

"அடடே! படிக்கிறதுக்குத் தனியறையே கொடுத்திருக்கீங்களா! தண்ணி வசதியோட! நான்லாம் தெருவிளக்குல படிச்சவன்மா."

விடைபெறும் நேரம் வந்தது. வாயைத் திறப்பதில்லை என்று சொன்னவள் வாசல்வரை வந்தாள். வாசல்வரை வந்த விருந்தாளியை வாயைத் திறக்காமல் அனுப்ப அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

"அதுக்குள்ள கிளம்பிட்டீங்களே! இருந்து காலையில போகலாமே. இடத்துக்கு என்ன குறை?"

எழுத்தர் கண்ணை மூடிக்கொண்டார். பேனா திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ரொம்ப சந்தோஷம்மா" என்றார் உதவி இயக்குநர், எழுதி முடித்துவிட்டு. "நீங்களும் குடும்பத்தோட ஒரு நாள் நம்ம வீட்டுக்கு வரணும். கட்டாயம் வரணும்."

அவர் போன பிறகு வீட்டில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சிவந்துபோன உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "கை தானா போச்சுங்க. நான் போகச் சொல்லல."

முடிவு தபாலில் வந்தது. தபால் பிரிவு எழுத்தர் என்ற முறையில் அதைப் பிரித்து, முத்திரை குத்தி, தனக்குத் தானே வழங்கிக்கொண்டார். மேற்படி இல்லத்தில் மகளுக்குத் தனிப் படிப்பறை உள்ளது, ஒரு விருந்தாளி எட்டு மாதமாக மனநிறைவோடு தங்கியிருக்கிறார், மேலும் ஒருவர் இரவு தங்க இடத்துக்குக் குறையில்லை எனக் குடும்பத் தலைவி தாமாக முன்வந்து உறுதியளித்தார், விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

இரவல் அலமாரியைத் திருப்பித் தரப் போனால் பக்கத்து வீட்டுக்காரர் வாங்க மறுத்துவிட்டார். "அங்கேயே இருக்கட்டும் சார். உங்க வீட்லதான் இடம் இருக்குன்னு ஆபீஸே சொல்லிடுச்சாமே!"

மகள்தான் கேட்டாள். "அப்பா, அம்மா வாசல்ல சொன்னது உறுதிமொழின்னா, அவரு வாசல்ல சொன்னதும் உறுதிமொழிதானே?"

எழுத்தர் விதிகளை மனத்துக்குள் புரட்டிப் பார்த்தார். தடை ஒன்றும் தென்படவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே நான்கு பேரும் கிளம்பினார்கள். மகள் பை நிறையப் புத்தகம் எடுத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்த உதவி இயக்குநரின் மனைவி நான்கு முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவளும் ஒரு வீட்டுக்காரிதானே! வாய் தானாகத் திறந்தது.

"வாங்க, வாங்க! உள்ள வாங்க. இடத்துக்கு என்ன குறை?"

வெறுங்கூடத்தின் நடுவே அந்த மேசை ஒளிர்ந்துகொண்டிருந்தது. மகள் நேரே போய்ப் புத்தகத்தைப் பரப்பி உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, இங்க படிச்சா நல்லா ஏறுது. பரீட்சை முடியறவரைக்கும் தினமும் வரட்டுமா?"

"அதுக்கென்னம்மா, நம்ம வீடு மாதிரி நினைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, சொன்னது யார் என்பதுபோல் அவள் திரும்பிப் பார்த்தாள்.

தினமும் சாயங்காலம் மகள் போனாள். வீட்டில் வேறு எதுவும் இல்லாததால், மேசை போனதும் உதவி இயக்குநருக்கு உட்கார்ந்து எழுத இடமில்லாமல் போயிற்று. சுவரில் சாய்ந்து நின்று கோப்பு பார்த்தார். கால் கடுத்தது. பெரிய வீடு கேட்டு அவரும் விண்ணப்பித்தார். இயக்குநரே விருந்தாளியாக வந்து ஒரே மேசையில் எழுத்தரின் மகளோடு நெருக்கியடித்துச் சாப்பிட்டார். இரண்டு முறை இடித்தது. மூன்றாவது முறை மேசை மூலையில் உதவி இயக்குநரின் மனைவி உள்ளங்கையை வைத்தாள். வைத்துவிட்டு, இருந்து போகலாமே என்றும் சொன்னாள்.

அந்த வருஷ அறிக்கையில், இட நெருக்கடி முற்றாக ஒழிக்கப்பட்டுவிட்டது என்று அலுவலகம் பெருமையோடு அறிவித்தது. ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லாவற்றையும் ஆய்வு செய்தாகிவிட்டது. வந்தவரிடம் இடமில்லை என்று சொன்ன வீடு ஒன்றுகூட இல்லை.

உட்கார இடம் தேடி உதவி இயக்குநர் இப்போதெல்லாம் சாயங்காலத்தில் எழுத்தர் வீட்டில்தான் இருக்கிறார். அலமாரிக்கும் மச்சினனுக்கும் நடுவே அதே நாற்காலி. அன்று ஒரு நாள் கோப்பைப் புரட்டும்போது முழங்கை அலமாரியில் இடித்தது. மறுபடி இடித்தது. மூன்றாவது தடவை, இரும்பு மூலையில், கண்ணில் நீர் வருமளவுக்கு இடித்தது. எழுத்தரின் மனைவி பக்கத்திலேயே நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். கை அசையவில்லை.

"மூணு!" என்று அவர் துள்ளி எழுந்தார். "மூணு ஆச்சும்மா! உங்களுக்கு ரெண்டு அறை, எனக்கு என் மேசை! நீங்களே பார்த்தீங்கல்ல?"

"விருந்தாளிக்கு இடிச்சாத்தானே சார் கணக்கு?" என்றாள் அவள். "தினமும் வர்றவரு நீங்க, நம்ம வீட்டு மனுஷர். கொஞ்சம் ஒதுங்கி உட்காருங்க. யாராவது வந்தா இடம் வேணும்ல?"