மோதிரத்தை வைத்தால் பல்பு எரியவில்லை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சௌகரியம். உங்கள் முழங்கால் இப்போது நன்றாக மடங்குகிறது என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தோம். அதற்கு உடனே வேலை வந்துவிட்டது. கடிதம் கண்டதும் மாப்பிள்ளை வீட்டுக்கு ஓடுங்கள். பெரியவள் கல்யாணத்தை நிறுத்தியாக வேண்டும்.

பதறாதீர்கள், விஞ்ஞானபூர்வமாகச் சொல்கிறேன். சின்னவளுக்குப் பள்ளியில் மின்சாரப் பாடம். டார்ச் லைட் பேட்டரி, குட்டி பல்பு, கொஞ்சம் ஒயர். எல்லாவற்றையும் வட்டமாக இணைத்து, ஓரிடத்தில் மட்டும் இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு பொருளை வைத்ததும் பல்பு எரிகிறதா, அது கடத்தி. மின்சாரத்துக்கு வழி விடுகிறது. எரியவில்லையா, அது காப்பான். குறுக்கே நின்று மறிக்கிறது. இவ்வளவுதான்! தலை நரைக்கும் வரை இதை எனக்கு யாருமே சொல்லவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வீட்டு முன்னறையில் இருக்கும் நம் தையல் கடைக்கே போய்விட்டேன். ஊசியை வைத்தேன், எரிந்தது! நூலை வைத்தேன், ஊஹூம். கத்தரிக்கோலின் அலகில் எரிகிறது, பிளாஸ்டிக் பிடியில் எரியவில்லை. ஒரே கத்தரிக்கோல், இரண்டு குணம்! ஒயரும் அப்படித்தானாம், உள்ளே செம்பு வழி விடுகிறது, மேலே பிளாஸ்டிக் நம்மைக் காக்கிறது. "சுவர் பிளக்குல மட்டும் கை வச்சுடாதீங்கப்பா, நம்ம உடம்பும் கடத்திதான்" என்று சின்னவள் என்னையே மிரட்டுகிறாள்.

அந்த நேரம் பார்த்து பேங்க் மேனேஜர் கோட்டு தைக்க வந்தார். தான் கொண்டுவந்த பொத்தான்கள் அசல் பித்தளை என்று பெருமையடித்தார். சும்மா இருக்க முடியுமா? வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. "சார், இது பிளாஸ்டிக்கு! மேல பெயிண்ட் அடிச்சு உங்க தலையில கட்டிட்டான்!" என்றேன், சந்தோஷத்தில் கொஞ்சம் சத்தமாக. துணியை வாங்கிக்கொண்டு போனவர் போனவர்தான். "வர்ற ஆளையெல்லாம் விரட்டிட்டு எதை வச்சுக் கல்யாணம் பண்றதாம்?" என்று உங்கள் தங்கை பிடித்துக்கொண்டாள்.

அவள் வாயை அடைக்கலாம் என்று, மேசைமேல் பெரியவள் கழற்றி வைத்திருந்த நிச்சயதார்த்த மோதிரத்தை எடுத்தேன். தங்கம் அருமையான கடத்தி. பல்பு ஜொலிக்கும், எல்லோரும் கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். எரியவில்லை! திருப்பி வைத்தேன், உட்புறம் வைத்தேன், ஊஹூம். பிறகு ஊசியை வைத்தால் எரிகிறது! என்ன துணிச்சல் பாருங்கள், பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக்கை என் பெண் விரலில் மாட்டியிருக்கிறார்கள்! "அப்பா, அதுல வந்து..." என்று ஆரம்பித்தாள் பெரியவள். "பல்பே சொல்லிடுச்சு, நீ என்ன சொல்லப்போற?" என்று கத்திவிட்டேன். அழுதுகொண்டே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள். ஈரக் கையோடு யாரும் சுவிட்சைத் தொடாமல் பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
ஏமாறத் தெரியாத உங்கள் தையற்காரன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சின்னவள் ஓடிவந்து, "அப்பா, சுரண்டின இடத்துல எரியுது!" என்று குதிக்கிறாள். மாப்பிள்ளை போட்ட மோதிரம் மங்கிவிடக் கூடாதென்று, நிறமில்லாத நகப்பூச்சை எடுத்து உள்ளும் புறமும் பூசிப் பூசி வைத்திருக்கிறாள் பெரியவள். நகப்பூச்சு காப்பானாம். அசல் தங்கம்தான்! கடிதத்தைக் கிழிக்க மனசில்லை, விஞ்ஞானம் அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது. நீங்கள் எப்படியும் மாப்பிள்ளை வீட்டுக்கு ஓடத்தான் வேண்டும். ஒரு மோதிரத்தையே இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கிறவளை நான் இன்னும் எத்தனை நாள் இங்கே பிடித்து வைப்பது? கல்யாணத்தைக் கொஞ்சம் முன்னாலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாருங்கள்.