அக்குளால் போன கோல்

அநியாயத்துக்குப் பழகிப்போகாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் கொட்டாஞ்சேனையில் சலூன் வைத்திருக்கிறார். யார் கீழே விழுந்தாலும் "பெனால்டி!" என்று கத்துவதால் பெனால்டி அண்ணன். மழை நாளில் சலூன் வாசலில் வழுக்கி விழுந்த தபால்காரருக்கும் பெனால்டி கேட்டவர். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்குத் தெரிந்திருக்கலாம்.

நாங்களெல்லாம் ஃபுட்போலில் வந்த வீடியோ நடுவருக்குப் பழகிவிட்டோம். கோல் விழும். துள்ளுவோம். மைதானத்து நடுவர் காதில் விரலை வைப்பார். எங்கோ ஓர் அறைக்குள் நாலு பேர் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டுக் கோல் இல்லை என்பார்கள். திட்டிவிட்டுத் தேத்தண்ணீர் குடிப்போம். பெனால்டி அண்ணன் திட்டமாட்டார். அதிர்ச்சியடைவார். ஒவ்வொரு தடவையும், அதுதான் முதல் தடவை என்பதுபோல. வாய் பிளந்து, கண் நிலைகுத்தி, "இல்லையா?" என்பார். "அடிச்சானே! நானே பாத்தேனே!"

நடுவரின் விரல் காதுக்குப் போனால் அண்ணனின் கத்தி அந்தரத்தில் நின்றுவிடும். ஒரு கன்னம் மழித்து, மறு கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருப்பவர் மெதுவாகக் கனைத்தால், "செக் பண்றாங்க, இருங்க" என்பார்.

ஒருமுறை, அடித்தவனின் கால் பெருவிரல் நுனி எதிரணிக்காரனை முந்திவிட்டது, ஓஃப்சைட் என்று அவருடைய சிவப்புச் சட்டைக் குழுவின் கோலை அழித்தார்கள்.

"நகமா?" என்றார் அண்ணன். "அப்ப நகம் வெட்டிட்டு வந்திருந்தா கோல் குடுத்திருப்பாங்களா?"

பக்கத்தில் ஃபோன் கடை வைத்திருக்கும் மாளிகாவத்தை நானா நீலச் சட்டைக் குழுவின் ஆள். "லைன் போட்டே காட்டுறாங்களே, மாஸ்டர்" என்றார் சாந்தமாக.

"அது லைனா? எத்தன பேருக்குக் கிருதா எடுத்திருக்கேன்! கோணல் எனக்குத் தெரியாதா?"

நுரையைத் தொட்டுக் கண்ணாடியில் சரியான கோட்டைப் போட்டுக் காட்டினார். அன்று முடி வெட்ட வந்தவர்களெல்லாம் தங்கள் தலை ஓஃப்சைட்டில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இனி என் கதை. வெள்ளவத்தையில் பெண் வீட்டில் எனக்குக் கலியாணப் பதிவு. அப்பாவும் அம்மாவும் முன்னதாகப் போய்விட்டார்கள். நான் சவரம் செய்துகொண்டு பின்னால் வருவதாக ஏற்பாடு. பேச்சு நடந்தபோது மாமனார் என் படத்தைப் பார்த்து, "பொறுப்பான மீசை" என்று சொல்லியிருந்தார். என்னிடம் அவருக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

"மீசையச் சும்மா ஒழுங்காக்கினாப் போதும் அண்ணன்" என்று கண்ணை மூடினேன். டீவியில் மட்ச் தொடங்கியிருந்தது.

கோல்! சலூன் அதிர்ந்தது. அண்ணன் ஒரு சுற்று ஆடிவிட்டு வந்து வேலையைத் தொடர்ந்தார். பிறகு ஓர் அமைதி. நடுவரின் விரல் காதுக்குப் போயிருக்க வேண்டும். நெடுநேரம் மூக்குக்குக் கீழே கத்தி குளிர்ச்சியாக இருந்தது.

"அக்குளா?" என்று அலறினார் அண்ணன். "அக்குள் ஓஃப்சைட்டா? அக்குளால யாருங்க கோல் அடிப்பா?"

உதட்டின் மேல் ஒரு காற்று வீசியதுபோல் இருந்தது. மட்ச் பார்க்க வந்திருந்த நானாதான் முதலில் வாய் திறந்தார்.

"தம்பி, இப்பக் கண்ணத் தொறக்க வாணாம்."

திறந்தேன். மீசையில் இடது பக்கம் இல்லை. எஞ்சிய பாதியையும் எடுத்தபின் கண்ணாடியில் ஒரு பள்ளிக்கூடப் பையன் உட்கார்ந்திருந்தான். அழுகை வந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தார். டீவியைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் அடர்ந்த மீசையை மளமளவென்று வழித்துப் போட்டார்.

"ஏன் அண்ணன்?"

"நீங்க மட்டும் எதுக்குத் தனியா நிக்கணும்? வாங்க, நான் வந்து சொல்றேன்."

மட்ச் ஓடிக்கொண்டிருக்கச் சலூனைப் பூட்டினார். த்ரீவீலர் காலி வீதி நெரிசலில் புகுந்து வெள்ளவத்தைக்குப் போனது.

கதவைத் திறந்த மாமனார் இரண்டு வெறும் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதில ஆர் மாப்பிள்ளை?"

என் அம்மாவே சற்று யோசித்துத்தான் என்னைக் காட்டினார். மாமனாரின் முகம் இறுகியது. "நல்ல நாளில இதென்ன கோலம்? இண்டைக்கு வேண்டாம். மீசை வளரட்டும், பிறகு பாப்பம்."

"ஐயா, தப்பு என்னோடது" என்று அண்ணன் முன்னால் வந்தார். "வீடியோல அநியாயம் பண்ணிட்டாங்க."

"மீசைக்கும் வீடியோவுக்கும் என்ன சம்பந்தம்?"

அண்ணன் விளக்கினார். பதிவாளரைக் கோல்கீப்பராக்கினார். மாமனாரின் தோளைப் பிடித்து டிஃபெண்டராக நிறுத்தினார். கையை உயர்த்தித் தன் அக்குளையும் காட்டினார். மாமனார் ஃபுட்போல் பார்த்தறியாதவர். கேட்கக் கேட்க அவர் கண்கள் விரிந்தன.

"பொறும். கோல் அடிச்சு, சனமெல்லாம் சந்தோசப்பட்டு முடிஞ்சாப் பிறகு, இல்லையெண்டு சொல்லுறவையோ?"

"ஆமாங்க ஐயா!"

"ஒரு அக்குளுக்காகவோ?"

"ஆமாங்க!"

"இது பெரிய அநியாயமல்லோ!"

அறை வாசலில் மைதிலி நின்றாள். நான் கட்டப்போகிறவள். அதுவரை என்னோடு நாலு வார்த்தைதான் கதைத்திருப்பாள்.

"அப்பா, ஒரு மீசைக்காக நீங்களும் இப்ப அதைத்தானே செய்யிறீங்கள்?"

மாமனார் டிஃபெண்டராக நின்ற இடத்திலேயே உறைந்துபோனார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பதிவாளரிடம் திரும்பி, மெல்லிய குரலில், "தொடங்குங்கோ" என்றார்.

நான் கையெழுத்துப் போடக் குனிந்தேன். அண்ணன் சுவரோரம், மழித்த உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டு டீவியில் அதே மட்ச் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அங்கே பெரிய ஆரவாரம். யார் அடித்தார்கள், எண்ணிக்கை என்ன, எதுவும் தெரியாது. ஜன்னல் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல், நான் கையெழுத்தை முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார் பெனால்டி அண்ணன்.