துணைக்கு ஓடியவள்

கேள்வி மகளுக்கு. பதில் அம்மாவிடமிருந்து வந்தது.

"வயசு என்னம்மா?"

"பத்து. போன மாசம்தான் முடிஞ்சுது."

"ஓடப் பிடிக்குமா?"

"பிடிக்கும். ஆனா சொல்ல மாட்டா."

"காலையில என்ன சாப்பிட்டே?"

"ரெண்டு பிரெட். ஒண்ணரைன்னு வெச்சுக்குங்க."

மைதானத்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண் பேனாவை மூடினாள். வாரத்தில் ஐந்து நாள் வீடு வீடாகத் தபால் கொடுப்பவள். சனிக்கிழமை காலைகளில் அந்தப் பகுதிச் சிறுமிகளுக்கு ஓட்டம் சொல்லித் தருகிறவள். எல்லோருக்கும் அவள் கோச் அக்கா.

"அடுத்த கேள்விக்கும் நீங்களே பதில் சொல்றதா இருந்தா, ஷூவையும் நீங்களே மாட்டிக்கிட்டு வந்துடுங்க" என்றாள்.

மகள் தரையைப் பார்த்தாள். அம்மாவுக்குக் காது சூடானது.

"பத்து வாரம். கடைசி நாள் தெருவுல அஞ்சு கிலோமீட்டர் ஓட்டம். யார் முதல்ல வந்தாங்கன்னு நாங்க பார்க்கிறதே இல்லை. என்னால முடியும்னு ஒவ்வொரு பொண்ணும் நம்பணும், அதுக்குத்தான் இவ்வளவும். ஒரே ஒரு சட்டம். அப்பா அம்மாவெல்லாம் வேலிக்கு வெளியே."

அம்மாவுக்கு ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசை வேலை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தால், அவர் வாய் திறப்பதற்குள் இவள், "கீழ்க்கடைவாய், வலது பக்கம், மூணு நாளா வலி, டாக்டர்" என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே விழுகிற இடைவெளி அவளுக்கு ஆகாது. மேசை ஓரத்தில் பாத்திரம் சரிவதைப் பார்ப்பது போல இருக்கும். கை தானாக நீண்டுவிடும்.

மகள் விஷயத்தில் அதற்குக் காரணமும் வைத்திருந்தாள். பள்ளி திறந்த முதல் நாள் அந்தப் பெண் தவறான வகுப்பில் போய் உட்கார்ந்து, சாயங்காலம் வரை அங்கேயே இருந்து, அந்த வகுப்பின் வீட்டுப் பாடத்தையும் எழுதிக்கொண்டு வந்தது. "ஏண்டி யார்கிட்டயும் சொல்லலை?" என்றதற்கு, "யாரும் கேக்கலையே" என்றது. அன்றிலிருந்து அம்மாவின் நெஞ்சில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது. இவள் விழுந்தால் யார் சொல்வார்கள்? தாகம் எடுத்தால் யார் கேட்பார்கள்?

ஆகவே முதல் வாரம் முழுப் பயிற்சி நேரமும் கம்பி வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "முட்டியைத் தூக்கு! மூச்சை வாயால விடாதே!"

கோச் அக்கா நடந்து வந்தாள். "வேலிக்கு வெளியேன்னா, வேலியில தொங்கிக்கிட்டுன்னு அர்த்தம் இல்லீங்க."

வீட்டில் கணவர் சிரித்தார். கார் ஓட்டக் கற்றுத் தருவது அவர் தொழில். "என் கால் பக்கத்துல தனியா ஒரு பிரேக் வெச்சிருக்காங்க. அதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. நானே உன் அளவுக்கு மிதிக்கிறதில்லை."

"உங்க பக்கத்துல உக்காந்திருக்கிறது பெத்த பொண்ணு இல்லை."

இரண்டாம் வாரம் அதிர்ஷ்டம் அடித்தது. கோச் அக்காவே வாசலுக்கு வந்து, "தண்ணி ஊத்த ஆள் குறையுது. உள்ளே வர்றீங்களா?" என்றாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் அம்மா வேலியைத் தாண்டியிருந்தாள்.

தண்ணீர் மேசை மைதானத்தின் கோடியில், சாமான் அறைக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து ஓட்டம் தெரியவில்லை. மேசையை எட்டடி இழுத்தால் தெரியும் என்று கண்டுபிடித்து இழுத்தாள். இழுத்ததில் பெரிய தண்ணீர் டிரம் சாய்ந்து, ஓடுபாதை சேறானது. மூன்று பெண்கள் வரிசையாக வழுக்கி விழுந்தார்கள். அவளுடைய மகள் மட்டும் சேற்றைத் தாண்டிக் குதித்து, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

துரத்திவிடுவார்கள் என்று பயந்தாள். ஆனால் அடுத்த வாரம் கோச் அக்கா அவள் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்தாள். "ஈரமில்லாத வேலை."

அதில் வேறு சங்கடம். இருபது பெண்களுக்கு நேரம் குறிக்க வேண்டுமென்றால் கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும், மகளைப் பார்க்க முடியாது. ஒரே ஒரு தடவை மகளைப் பார்த்தாள். அந்த நேரத்தில் பொத்தானை அழுத்த மறந்து, பிறகு பதறி அழுத்தியதில், மைதானத்தை ஒரு சுற்று பத்து வினாடியில் ஓடியதாக ஒரு பெண்ணின் கணக்கு பதிவானது.

அந்தப் பெண்ணுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். தூங்கும்போது மட்டும் நிற்கும் என்று அவள் அம்மாவே சொல்வாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க உலக சாதனை பரவிவிட்டது. மறு வாரம் உண்மையைச் சொன்னபோது ரேடியோ அசரவில்லை. "பரவாயில்லை ஆன்ட்டி. ஒரு வாரம் சாதனையாளரா இருந்தேன்ல, அதை யாரும் எடுக்க முடியாது."

இப்படியே வாரங்கள் போயின. ஆறாம் வாரம் கோச் அக்கா பெரியவர்களைக் கூப்பிட்டாள்.

"கடைசி ஓட்டத்துல ஒவ்வொரு பொண்ணுக்கும் ஒரு பெரியவங்க துணைக்கு ஓடணும். தன் பொண்ணோட ஓடக் கூடாது, அடுத்தவங்க பொண்ணோடதான். அவ பின்னாடி அரையடி தள்ளி ஓடணும். வேகம் அவ சொல்றதுதான். யாருக்கு—"

அம்மாவின் கை மேலே நின்றது. மகளோடு ஓட முடியாவிட்டால் என்ன, அதே தெருவில் ஓடலாம் அல்லவா?

"நீங்க ஓடுவீங்களா?"

"ஓடுவேன்."

கடைசியாக எப்போது ஓடினாள் என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு பஸ்ஸுக்குப் பின்னால். பஸ் நிற்கவில்லை.

ஜோடிப் பட்டியல் வந்தது. அவளுக்கு ரேடியோ.

நான்கு வாரம்தான் இருந்தது. மறுநாள் காலை வீட்டு வாசலிலிருந்து ஓடத் தொடங்கி மூன்றாவது விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த நாள் நான்காவது. மதிய இடைவேளையில் கிளினிக்கைச் சுற்றி ஓடினாள். டாக்டர் ஜன்னலைத் திறந்து, "யாராவது துரத்துறாங்களா?" என்றார். கெண்டைக்கால் கட்டையாகிப் படி இறங்கும்போது பின்பக்கமாக இறங்கினாள். ஆனாலும் நிறுத்தவில்லை. யாருக்காக என்று கேட்டிருந்தால் மகளுக்காக என்றுதான் சொல்லியிருப்பாள். எட்டாவது கம்பத்தைத் தாண்டிய காலையில் மட்டும், காற்று முகத்தில் மோதிய ஒரு நிமிடம், மகள் நினைவே வரவில்லை. அதற்காக வெட்கப்பட்டு, மறுநாள் இன்னும் ஒரு கம்பம் கூட ஓடினாள்.

ஓட்ட நாள். மகள் ஒரு ரொட்டிக் கடைக்காரப் பெண்மணியோடு முன்னால் நின்றாள். விசில் ஊதியதும் முதல் திருப்பத்தில் மறைந்தாள்.

"வேகமா போலாமா?" என்றாள் அம்மா.

"வேகம் நான்தான் சொல்லணும்" என்றாள் ரேடியோ. "ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியுமா, நத்தைக்கு ஆயிரக்கணக்கில பல் இருக்காம். உங்க டாக்டர்கிட்ட நத்தை வந்தா என்ன பண்ணுவார்?"

முதல் கிலோமீட்டர் நத்தை. இரண்டாவது, அவள் சித்தப்பா வீட்டுப் பூனையின் அறுவை சிகிச்சை. அம்மா ஏதாவது சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் பூனைக்கு ஏதாவது ஆகியது. மூன்றாவது கிலோமீட்டரில் அம்மாவிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மூச்சு மட்டும் இருந்தது, அதுவும் கடன் வாங்கியது போல வந்து போனது.

அப்போதுதான் பார்த்தாள். நடைபாதை ஓரத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். முட்டியில் ரத்தம்.

கால்கள் எப்படி அங்கே போயின என்று தெரியவில்லை. முதலுதவிப் பெட்டியோடு ஒரு பெண் குனிந்து, "எங்கேம்மா வலிக்குது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா வாயைத் திறந்தாள். வலது முட்டி, மணல் ஒட்டியிருக்கு, இவளுக்கு மருந்து எரிச்சல் ஆகாது. எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. வெளியே வந்தது "ஹா... ஹா..." மட்டும். இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டு மீண்டும் முயன்றாள். "ஹா."

இடைவெளி விழுந்தது. பாத்திரம் சரிந்தது. பிடிக்க ஆளில்லை.

"வலது முட்டி" என்றாள் மகள். "மணலைக் கழுவிட்டு ஒரு கட்டுப் போடுங்க, போதும். எரிஞ்சா நான் சொல்றேன். நான் ஓடணும்."

குரல் சின்னதாக இல்லை. அந்தக் குரலை அம்மா முன்பு கேட்டதில்லை. கேட்க விட்டதில்லை என்று தோன்றியபோது வலி எங்கேயோ விலாவுக்குள் இருந்தது. ஓடியதாலா வேறெதனாலா என்று பிரிக்க முடியவில்லை.

மகள் எழுந்தாள். அம்மாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள், தெரிந்தவர்களுக்கு அசைப்பது போல. ரொட்டிக் கடைக்காரி பின்தொடர, ஓடிப் போனாள்.

"நடந்தே போயிடலாமா ஆன்ட்டி?" என்றாள் ரேடியோ. "உங்க முகம் தக்காளி மாதிரி ஆயிடுச்சு."

அம்மா தலையை ஆட்டி மறுத்தாள். விரலால் முன்னே காட்டினாள். இப்போது துரத்திப் பிடிக்க எதிரே யாரும் இல்லை, தெரு காலியாக இருந்தது. ஆனாலும் ஓடி முடிக்க வேண்டும் என்று இருந்தது. பூனை பிழைத்து, குட்டி போட்டு, குட்டிகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடிந்தபோது எல்லைக் கோடு வந்தது.

புல்லில் மல்லாந்து கிடந்தாள். தூரத்தில் மகள் நான்கு பெண்களுக்கு நடுவே நின்று, கையை வீசி எதையோ கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் சிரித்தார்கள். அம்மாவின் நெஞ்சில் கல் இருந்த இடத்தில் இதயம் படபடத்தது.

அந்த மகிழ்ச்சியில் மனசாட்சி உறுத்தியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரேடியோவின் கையைப் பிடித்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. நான் தண்ணி ஊத்த வந்தது, நேரம் பார்த்தது, இன்னைக்கு ஓடினது எல்லாமே என் பொண்ணுக்குப் பக்கத்துல இருக்கணும்னுதான். அவளுக்கே தெரியாது. கோவிச்சுக்காதே."

"இதுல கோவிக்க என்ன இருக்கு?" என்றாள் ரேடியோ. "'எங்கம்மாவைக் கண்ணுக்கு மறைவா ஏதாவது வேலையில உக்கார வைங்க'ன்னு முதல் வாரமே கோச் அக்காகிட்டப் போய்ச் சொன்னது உங்க பொண்ணுதானே ஆன்ட்டி. ஓட்டத்துக்கு உங்களை வாயே திறக்க விடாத ஆளா வேணும்னு என்னைத் தேடிப் பிடிச்சதும் அவதான்!"