அப்பா நடந்தால் நான் இருமுவேன்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். மாமாவிடம்கூட வேண்டாம், மாமா வாயில் எதுவும் தங்காது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். படித்ததும் கிழித்து, கிழித்ததைத் தண்ணீரில் நனைத்துவிடுங்கள். இங்கு நானும் அம்மாவும் நலம். அப்பாவும் நலம் என்று சொல்லும்படி அப்பா எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார். போனில் பேசலாமென்றால், வீட்டில் இருக்கும் ஒரே போன் அவர் சட்டைப்பையில்தான் இரவும் பகலும் குடியிருக்கிறது.

அப்பா ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு மூட்டு மாற்றியபோது நீங்கள்தானே கூட இருந்தீர்கள்? பெரிய டாக்டர் ஒரு மாதிரியைக் காட்டினாரே, சின்ன உலோக உருண்டை, அது ஒரு பெரிய பிளாஸ்டிக் உருண்டைக்குள், அந்தப் பிளாஸ்டிக் ஓர் உலோகக் கிண்ணத்துக்குள், இரண்டும் சுழலும், அதனால் லேசில் கழலாது என்று. அப்பா அதைக் கையில் வாங்கிச் சுழற்றிப் பார்த்து, "நம்ம சைக்கிள் பேரிங் மாதிரிதான் டாக்டர், கிரீஸைத்தான் காணோம்" என்றார். டாக்டர் சிரித்தார். தாழ்வாக உட்காரக் கூடாது, குனியக் கூடாது என்று அவர் சொன்னது அப்பா காதில் ஏறவில்லை. 'லேசில் கழலாது' என்பது மட்டும் ஏறிவிட்டது. சைக்கிள் கடையை மறுபடி திறந்த முதல் வாரமே பழைய பழக்கத்தில் குட்டை முக்காலியில் குந்தி ஒரு சைக்கிளுக்குப் பெடல் மாட்டினார். பெடல் மாட்டிக்கொண்டது, இடுப்பு கழன்றுவிட்டது. உங்களிடம் காலில் சுளுக்கு என்று சொன்னோமே, அது இதுதான், அத்தை.

ஆஸ்பத்திரியில் மயக்க ஊசி போட்டு, இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்து மூட்டை உள்ளே தள்ளினார்கள். அம்மா மருந்து வாங்கப் போயிருந்தபோது அங்கிருந்த இளம் டாக்டர் என் முன்னாலேயே அப்பாவிடம் தெளிவாகச் சொன்னார். "வீட்டுக்குப் போனப்புறம் உள்ள ஏதாவது சத்தம் கேட்டா உடனே வந்துடுங்க. சில பேருக்கு இப்படி இழுத்து மாட்டும்போது சின்ன உருண்டை பிளாஸ்டிக்கை விட்டுக் கழண்டுக்கும். பிளாஸ்டிக் எக்ஸ்ரேல தெரியாது. அப்புறம் இரும்பும் இரும்பும் உரசும்." அப்பா பெரிதாகத் தலையாட்டினார். மறுநாள் காலையே சத்தம் வந்துவிட்டது. எழுந்தால் 'டொக்', நடந்தால் 'கிறீச்'.

"வாயைத் திறக்காதடி. முதல் ஆபரேஷனுக்கே உங்கம்மா பட்டினி கிடந்து, பக்கத்துக் கட்டில்ல அவளுக்கும் குளுக்கோஸ் ஏத்துனாங்க. இன்னொரு தடவைன்னா தாங்குவாளா? இதெல்லாம் ஒரு தட்டு தட்டினா சரியாப் போயிடும்" என்றார் அப்பா. அதோடு ஓர் ஏற்பாடும் செய்தார். அவர் நடக்கும்போதெல்லாம், அம்மாவுக்குச் சத்தம் கேட்காமலிருக்க நான் இருமவேண்டும்.

இருமினேன். கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் இருமினேன், வாசலில் அவர் செருப்பு மாட்டும்வரை இருமினேன். "இந்தப் பொண்ணுக்கு நெஞ்சு இப்படிக் காயுதே" என்று அம்மா என்னைத் தெருமுனை டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் முதுகிலும் நெஞ்சிலும் குழாயை வைத்துப் பார்த்து, "நெஞ்சு சுத்தமா இருக்கே, எப்பப்பம்மா இருமல் வருது?" என்று கேட்டார். அப்பா நடக்கும்போது என்ற பதில் தொண்டைவரை வந்து திரும்பிப் போனது. ஒரு சிவப்பு மருந்து கொடுத்தார். அதைக் குடித்தால் கண்ணைச் சுழற்றுகிறது. கணக்கு டீச்சர் எனக்குக் கும்பகர்ணனின் தங்கை என்று பெயர் வைத்துவிட்டார். ஒருநாள் சாயங்காலம் அந்த மயக்கத்தில் நான் இருமத் தவறிவிட்டேன். "என்னங்க அது, கதவா கிறீச்சிடுது?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்க, அப்பா உடனே எண்ணெய்க் குப்பியை எடுத்து வீட்டிலிருக்கிற கீல் ஒன்று விடாமல் எண்ணெய் விட்டார். இப்போது எங்கள் வீட்டில் கதவு, ஜன்னல், பீரோ எதுவும் மூச்சு விடுவதில்லை. சத்தம் போடுவது அப்பா ஒருவர்தான்.

நேற்று கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அப்பா சக்கரத்தைச் சுழற்றிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "சத்தத்தோட ஓட்டாதீங்க சார். உள்ள ஒரு பேரிங் குண்டு விலகியிருந்தாலும் அது உக்கார்ற கப்பையே தின்னுடும். விட்டுட்டுப் போங்க" என்றார். நான் அப்பாவையே பார்த்தேன்.

"என்னடி முறைக்கிற? சைக்கிள் வேற, நான் வேற."

"ஆமாப்பா. சைக்கிளை ரிப்பேருக்குக் கொண்டு வர்றாங்க."

சிரித்தார். அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "தொடைக்குள்ள என்னமோ உருளுது, தொட்டுப் பாக்குறியா?" என்றார். நான் தொடவில்லை. "எனக்குப் பயமா இருக்கு பாப்பா" என்றார். அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை, அத்தை.

நீங்கள் ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் கைக்குக் கருவி எடுத்துக் கொடுப்பவர். அப்பா இந்த உலகத்தில் பயப்படுகிற ஒரே ஆள் அவருடைய அக்காவான நீங்கள்தான். சும்மா வந்ததுபோல வாருங்கள். வந்து அவரைக் கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொல்லுங்கள். நான் இருமமாட்டேன்.

மாமாவுக்கு, இந்தக் கடிதம் வந்ததைச் சொல்லாமல், என் வணக்கத்தை மட்டும் சொல்லுங்கள். உங்கள் ஆசி எனக்கும் அப்பாவின் இடுப்புக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள், அத்தை. அவசரப்பட்டு வர வேண்டாம். சற்றுமுன் அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து போனார். போகும்போது வழக்கம்போலக் கிறீச்சென்றது, நானும் இருமினேன். பிறகு 'டொக்'கென்று பெரிதாக ஒரு சத்தம் கேட்டது. அதன்பின் சத்தமே இல்லை. உருண்டை தானாகவே இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது. ஒரு தட்டு தட்டினால் சரியாகும் என்று அப்பா சொன்னது நிஜம்தான். அவர் திரும்பி வந்ததுகூட என் காதில் விழவில்லை, அவ்வளவு சுத்தமாக

யாரோ என் கதவைத் தட்டுகிறார்கள். அம்மா என்றால் தாழ்ப்பாளுக்கு நேரே தட்டுவாள். இது கீழே, தரையோடு