தாகம் தீர்ப்போர் சங்கத்தின் மூன்று வீடியோக்கள்

ஒரு காட்டில் ஒரு சங்கம் இருந்தது. சிங்கம் இல்லையா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. சங்கத்தின் பெயர் தாகம் தீர்ப்போர் சங்கம். கோடையில் ஓடை வற்றினால் சிறு பிராணிகள் தண்ணீருக்கு அலையக் கூடாது என்று அங்கங்கே ஊற்றுக்குழி தோண்டிவைப்பது அதன் வேலை. சும்மா சொல்லக் கூடாது, நல்ல சங்கம். மூன்று குழி தோண்டி மூன்றிலும் தண்ணீர் பார்த்திருந்தது.

நாலாவது குழியில் பாறை வந்துவிட்டது. மேட்டுக்காட்டில், முயலும் உடும்பும் கௌதாரியும் குடும்பம் குடும்பமாக வசிக்கிற பக்கம். காட்டுப்பன்றிகள் இரண்டு வாரம் முட்டிப் பார்த்துவிட்டு, மூக்கைத் தடவிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டன. அந்தப் பாறை யானைகளுக்குத்தான் மசியும். யானைகளோ பக்கத்து மலையில் இருந்தன. பங்குனி பிறந்துவிட்டது. சித்திரைக்குள் தண்ணீர் வராவிட்டால் மேட்டுக்காட்டுக் குட்டிகள் பாடு திண்டாட்டம்தான்.

யானைகளிடம் உதவி கேட்க முன்பெல்லாம் படிவம் இருந்தது. பதினான்கு பக்கம், மூன்று பிரதி. எத்தனை அனுப்பினாலும் பதிலே வராமல் இருக்க, விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. படிவம் கைக்கு வந்ததும் யானைகள் அதைத் தின்றுவிடுகின்றன. அவர்களுக்கே அது சங்கடமாகப் போய், இனி எல்லாரும் வீடியோவாக அனுப்பும்படி அறிவித்துவிட்டார்கள்.

சங்கத்தின் தகவல் தொடர்பு அலுவலர் செண்பகவடிவு. கீரி. அதற்கு முன்பு பாம்பு விரட்டும் பிரிவில் இருந்தவள். வேகமாக ஓடுகிறாள், நன்றாகப் பேசுகிறாள் என்று தலைவர் கரடி தர்மலிங்கம் அவளை இந்த வேலைக்கு மாற்றி, கண்ணாடி கீறல் விட்ட ஒரு செல்போனையும் கையில் கொடுத்திருந்தார். பாம்பே தேவலாம் என்று அவளுக்குப் பல நாள் தோன்றியதுண்டு.

"வடிவு, யானைகள் மனசு கரையுற மாதிரி ஒரு வீடியோ எடுத்துரு. நாளைக்கு மயில் மோகனசுந்தரம் பயிற்சி வகுப்பு நடத்துறாராம். போய்க் கேட்டுட்டு வா" என்றார் தலைவர்.

மயில் பெரிய ஆள். ஏழு காட்டுச் சங்கங்களுக்கு ஆலோசகர். வகுப்பு முழுக்கத் தோகையை விரித்தபடியே பேசினார். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு அவர் முகம் தெரியவில்லை.

"சங்கத்தைப் பத்திப் பேசாதீங்க. ஒரே ஒரு ஜீவனைப் பத்திப் பேசுங்க" என்றார். "அந்த ஜீவன் முதல் மூணு விநாடிக்குள்ள அழணும். மூணு விநாடி தாண்டிட்டா யானை அடுத்த வீடியோவுக்குப் போயிரும்."

வடிவு கையைத் தூக்கினாள். "அழுகை வராத ஜீவனா இருந்தா?"

"வேற ஜீவனைப் பாருங்க" என்றார் மயில்.

வடிவுக்கு ஒரே ஜீவன் என்றதும் ஆமை மூக்கம்மாளின் ஞாபகம்தான் வந்தது. போன கோடையில் ஓடை வற்றியபோது, மூன்றாவது குழியில் தண்ணீர் இருக்கிறதென்று யாரோ சொல்லக் கேட்டு, நாலு நாள் வெயிலில் தன்னந்தனியாக நடந்து வந்து சேர்ந்தவள் அவள். இப்போது குழி ஓரத்திலேயே குடியிருந்தாள். அவள் கதையைக் கேட்டால் கல்லும் உருகும் என்று நினைத்துக்கொண்டு வடிவு போனாள்.

"அக்கா, அந்த நாலு நாளும் எப்படி இருந்துச்சு, சொல்லுங்க."

"அதை ஏன் கேக்குற!" என்று மூக்கம்மாள் ஆரம்பிக்கும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "ரெண்டாவது நாள் ஒரு குரங்கு என்னைப் பாறைன்னு நெனச்சு மேல உக்காந்துருச்சு தாயி. உக்காந்துக்கிட்டு அதோட வீட்டுக்காரியைப் பத்தி ஒரு மணி நேரம் பொலம்பல். நான் நடக்க நடக்க அதுவும் கூடவே வருது. கடைசியில ‘பாறை நகருது’ன்னு அலறிட்டு ஓடிருச்சு."

"தாகமா இல்லையா அக்கா?"

"நாக்கு வறண்டு ஒட்டிக்கிச்சு. இல்லேன்னா அந்தக் குரங்குக்கு நாலு புத்தி சொல்லியிருப்பேன்."

"கொஞ்சம் அழ முடியுமா?" என்று வடிவு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

மூக்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தண்ணி கிடைச்சிருச்சு. குடிச்சிட்டேன். இப்ப எதுக்கு அழணும்?"

வடிவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லித்தரவில்லை. மூக்கம்மாள் பேசினாள், இவள் எடுத்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, ஒன்றரை நிமிடத்துக்குள் அடக்கினாள். குரங்கும் இருந்தது, வெயிலும் இருந்தது. குழியை எட்டிப் பார்த்து முதல் வாய் தண்ணீர் குடித்ததை மூக்கம்மாள் சொல்லும் இடமும் இருந்தது. கடைசியில், மேட்டுக்காட்டிலும் இப்படி ஒரு குழி பாதியில் நிற்கிறது என்று ஒரு வரி சேர்த்தாள்.

போட்டுக் காட்டியபோது, "நான் நல்லாத்தான் இருக்கேன். அனுப்பு" என்றாள் மூக்கம்மாள்.

ஆனால் அதற்கு முன் செயற்குழு பார்க்க வேண்டுமே! பார்த்தது.

"நல்லா இருக்கு" என்றார் கரடி தர்மலிங்கம். "ஆனா, நான் எங்க?"

"சங்கத்தோட சின்னம் ஓரத்துல எப்பவும் தெரியணும்" என்றது முள்ளம்பன்றி.

"குழி திறப்பு விழாவுல குத்துவிளக்கு ஏத்தினது வரலையே" என்றது மான். விளக்கேற்றியது அதுதான்.

ஒவ்வொருவரும் சொன்னதையெல்லாம் வடிவு சேர்த்தாள். வீடியோ இருபத்திரண்டு நிமிடம் ஆனது. வரவேற்புரை, வாழ்த்துரை, விளக்கு, சங்கம் வளர்ந்த வரலாறு, நன்றியுரை எல்லாம் வந்தன. மூக்கம்மாள் நாலு விநாடி வந்தாள், அதிலும் அவள் முகத்தின் மேல் சங்கத்தின் சின்னம். டவர் கிடைக்கும் ஒரே இடமான நாவல் மரத்தின் உச்சியில் ஏறி வடிவு அதை அனுப்பினாள்.

நாற்பது யானைகளில் முப்பத்தொன்பது விளக்கு ஏற்றும் கட்டத்தைத் தாண்டவில்லை என்று செல்போன் காட்டியது. ஒரே ஒரு யானை மட்டும் முழுவதும் பார்த்திருந்தது. பிறகு விசாரித்ததில், அது தூங்கிவிட்டதாம்.

வடிவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரையும் கேட்காமல் மறுபடி மரமேறி, மூக்கம்மாளின் ஒன்றரை நிமிடத்தை அனுப்பினாள். வேலை போனால் போகட்டும், பாம்புகள் இருக்கவே இருக்கின்றன.

அரை நாளில் யானைகளின் மலையே அதைப் பார்த்துவிட்டது. மறுநாள் அவர்களின் தலைவி பெரியநாயகி அம்மாளிடமிருந்து பதிலும் வந்துவிட்டது. வடிவு படித்தாள்.

"உங்கள் ஆமையைப் பார்த்து நாற்பது பேரும் கண்ணீர் விட்டோம். இவ்வளவு சந்தோஷமான ஒரு பிராணியை நாங்கள் பார்த்ததே இல்லை. உங்கள் காட்டில் தண்ணீர்க் குறை தீர்ந்தது அறிந்து மிக்க மகிழ்ச்சி. ஆகவே இந்த வருட உதவியை வேறு காட்டுக்குக் கொடுக்கிறோம்."

வடிவு அதை மூன்று முறை படித்தாள். கடைசியில் சேர்த்திருந்த அந்த ஒரு வரியை யாரும் கவனிக்கவே இல்லை. நேரே மூக்கம்மாளிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதிலைப் படித்துக் காட்டினாள்.

மூக்கம்மாளுக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரிப்பு வரவில்லை. "நான் கொஞ்சம் அழுதிருக்கணுமோ தாயி?"

"இல்லக்கா. நீங்க சொன்னதுல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப அந்தக் குட்டிகளுக்கு?"

வடிவு எழுந்தாள். அவள் போன பிறகு மூக்கம்மாள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு மேட்டுக்காட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். போய் என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. ஆனாலும் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

கேட்காமல் வீடியோ அனுப்பியதற்குத் தலைவர் வடிவைக் கொஞ்சம் திட்டினார். திட்டி முடித்ததும் தலையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் குட்டிகளை நினைத்தால் கவலைதான். "வேற வழியே இல்ல. நானே அழுறேன். பாதியில நிக்கிற குழி ஓரத்துல நின்னு, மூணே விநாடியில அழுறேன். நீ எடு" என்றார்.

நாலாம் நாள் காலையில் இருவரும் மேட்டுக்காட்டுக்குப் போனார்கள். தலைவர் குழியின் விளிம்பில் நின்று முகத்தைப் பலவிதமாகச் சுருக்கிப் பார்த்தார். அழுகை வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்த காந்தாரி மிளகாயைக் கசக்கிக் கண்ணில் லேசாகத் தடவினார். கரடியின் கைக்கு லேசாக என்பது தெரியாது.

"ஓடுதா?" என்று கத்தினார்.

"ஓடுது சார், பேசுங்க!"

"யானைப் பெருமக்களே, எங்கள் கண்ணீரே எங்கள் விண்ண... ஐயோ, எரியுதே!" என்று முன்னும் பின்னும் குதித்தவர், மூன்றாவது குதிப்பில் காணாமல் போனார். குழிக்குள்ளிருந்து தொப்பென்று ஒரு சத்தம்.

அந்த நேரம் பார்த்துத்தான் மூன்று நாள் நடந்த மூக்கம்மாள் அங்கே வந்து சேர்ந்தாள். புழுதி படிந்த தலையை நீட்டிக் குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தலைவரே," என்றாள், "தண்ணி வந்துருச்சா?"

வடிவு போனைப் பிடித்தபடியே உறைந்து நின்றாள். பிறகுதான் ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். தலைவருக்கு அடி ஒன்றும் பலமில்லை. ரோமம் காப்பாற்றியிருந்தது. மல்லாந்து கிடந்தார்.

"சார், இதை அனுப்பலாமா?"

தலைவர் கண்ணைக் கசக்கினார். "என் முகம் தெரியுதா?"

"விழுறப்போ முதுகு மட்டும்தான் சார் தெரியுது."

"அப்ப அனுப்பு" என்றார்.

மொத்தம் ஒன்பது விநாடி. அன்று மாலைக்குள் அதைப் பார்க்காத யானை இல்லை. "தண்ணி வந்துருச்சா?" என்பது பக்கத்து மலையில் வணக்கத்துக்குப் பதிலாகவே புழங்க ஆரம்பித்தது. மூன்றாம் நாள் காலை நிலம் அதிர்ந்தது. நாற்பது யானைகளும் நேரிலேயே வந்துவிட்டன.

"எந்த இடத்துல விழுந்தார்?" என்று கேட்டார் பெரியநாயகி அம்மாள்.

"இதோ, இங்கதாம்மா."

"அந்த ஆமை யாரு?"

"நாந்தான்" என்றாள் மூக்கம்மாள்.

யானைகளுக்கு ஒரே குதூகலம். குழியோடும் ஆமையோடும் கரடியோடும் சேர்ந்து ஒரு படம் எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். பாறையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வடிவு மனு கொடுப்பதற்காக வாயைத் திறந்தாள். அப்புறம் குழியைப் பார்த்தாள், யானைகளின் கால்களைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். போனை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

"படத்துல அடங்கல அம்மா! முன்வரிசை கொஞ்சம் குழிக்குள்ள எறங்குங்க."

பத்து யானைகள் சரிவில் இறங்கிப் பாறைமேல் நெருக்கியடித்து நின்றன.

"இன்னும் பத்துப் பேர் எறங்கலாம். ஆங், அப்படித்தான். இப்ப எல்லாரும் சிரிச்சிக்கிட்டே ஒண்ணா ஒரு குதி குதிச்சா படம் அருமையா வரும்!"

முதல் குதியில் பாறையில் மயிரிழை அளவு விரிசல் விட்டது.

"பெரியநாயகி அம்மா கண்ணை மூடிட்டாங்க. இன்னொரு தடவை!"

இரண்டாவது குதியில் மளார் என்று பாறை பிளந்தது. யானைகளின் காலடியில் ஜில்லென்று ஏதோ கசிந்தது, பிறகு பொங்கியது. குழிக்குள் நின்ற இருபது பேரும் துதிக்கையைத் தூக்கிப் பிளிறினார்கள். மேட்டுக்காட்டு முயல்குட்டிகள் எங்கிருந்துதான் வந்தனவோ, கும்பலாக ஓடிவந்து நின்றன.

மூக்கம்மாள் நிதானமாக நடந்து போய், முதல் ஆளாகக் கழுத்தை நீட்டிக் குடித்தாள். வடிவு அதைப் படம் எடுக்கவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு அவளும் பக்கத்தில் போய்க் குனிந்து குடித்தாள்.

அந்த வருட ஆண்டறிக்கையில், இது சங்கம் ஓராண்டாகத் திட்டமிட்டுச் செயல்படுத்திய காணொளி வியூகத்தின் வெற்றி என்று போட்டிருந்தார்கள். மயில் மோகனசுந்தரம் உடனே புதிய பயிற்சி வகுப்பு ஒன்றை அறிவித்தார். ஏழு காட்டுச் சங்கத் தலைவர்களும் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

நீதி: பொதுச்சேவைச் சங்கங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது கொள்கையை மட்டும் பார்க்காமல், விழுந்தால் சத்தம் கேட்கிற அளவுக்கு எடை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளவும்.