ஏன் என்று கேட்டார் எல்சா

எங்கள் வீட்டில் ‘ஏன்’ என்பது கேள்வி கிடையாது, திட்டு. “ஏன் செருப்ப இங்க உட்ட?” என்று அப்பா கேட்டால் காரணம் சொல்லக் கூடாது, செருப்பை எடுத்துவிட வேண்டும். (சொன்னால், “எதுத்தா பேசுற?”) இந்த வளர்ப்போடுதான் நான் கணினி படித்துவிட்டு உலகத்தோடு பழகக் கிளம்பினேன்.

அப்பாவுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது. அம்பத்தூரில் லேத் ஓட்டியவர், இப்போது பருத்திப்பட்டு வீட்டில் உட்கார்ந்து, போன் செய்தித்தாள் வாசிப்பதைக் கேட்பார். வாசிப்பது ஓர் இலவச மென்பொருள். அதற்கு நம் இனிஷியல் புரியாது. புள்ளியைக் கண்டால் வாக்கியம் முடிந்தது என்று நின்றுவிடும். இரங்கல் விளம்பரத்தில் “டி.” என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கும்.

“எங்கூட வேலை செஞ்சவனுங்க ரெண்டு பேருக்கு டி தாம்மா இனிஷியல். அது பேரைச் சொல்றதுக்குள்ள எனக்கு நெஞ்சு அடிச்சிக்குது. நீதான் படிச்சிகீறியே, இன்னான்னு பாரேன்.”

அந்த மென்பொருளின் நிரலை யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். பொறுப்பில் இருப்பவர்கள் படித்துப் பார்த்துச் சேர்ப்பார்கள். இனிஷியல்களை ஒரு பட்டியலாகப் போட்டு, புள்ளிக்கு முன்னால் இவற்றில் ஒன்று இருந்தால் நிற்காதே என்று எழுதி அனுப்பினேன். படித்தவர் எல்சா. எங்கோ குளிர்நாட்டுக்காரர், தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்: “இந்தப் பட்டியல் ஏன்?”

திட்டிவிட்டார்! உடனே பட்டியலை அழித்து, “மன்னிக்கவும் மேடம்” என்று போட்டேன். “நிரலில் இந்தப் பகுதிக்கு இந்தப் பெயர் ஏன்?” மாற்றினேன், இன்னொரு மன்னிக்கவும். “ஒன்றுக்குள் ஒன்றாக இத்தனை நிபந்தனைகள் ஏன்? படிக்கச் சிரமமாக இருக்கிறது.” எல்லாவற்றையும் தூக்கினேன். கடைசியாக எழுதினார்: “இப்போது படிக்க மிகச் சுலபம். ஆனால் இது என்ன செய்கிறது?”

பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. அப்பாவுக்காக எழுதியது ஒரு வரிகூட இல்லை. நான் கேட்ட மன்னிப்புகள் மட்டும் ஊர் உலகமே படிக்கும்படி வரிசையாக நின்றன. அழுதுவிட்டேன்.

“இன்னாம்மா ஆச்சு?” அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். சொன்னேன்.

“ஏன்னு கேட்டா பதில் சொல்ல வேண்டியதுதான?”

“உங்கிட்ட எப்பப்பா சொல்லிகீறேன்? சொன்னா உட்டுருவியா?”

அப்பா கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தப்புதாம்மா. இப்ப நான் கேக்கறேன், திட்டல. அந்தப் பட்டியல் ஏன்?”

சொன்னேன். டி என்பது தமிழில் ஓர் எழுத்து. எஸ், எம் எல்லாம் இரண்டு. எழுத்தை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது, அதனால்தான் பட்டியல். “அட, அதான் சங்கதியா!” என்றார். எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. அவரிடம் சொன்னதையே அப்படியே எல்சாவுக்கு எழுதினேன்.

“இதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்,” என்று பதில் வந்தது. “தயவுசெய்து பட்டியலைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.”

இப்போது போன் எல்லாப் பெயரையும் ஒரே மூச்சில் சொல்கிறது. அப்பாவுக்குத்தான் வீட்டில் எதையும் ஏன் என்று கேட்க முடியவில்லை. நேற்றுகூடச் சாப்பிட உட்கார்ந்து, “ஏன் கொழம்புல இவ்ளோ புளி?” என்று ஆரம்பித்தார். அம்மா, “மன்னிக்கவும் மேடம்,” என்று சொல்லிவிட்டு மீன்குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெறும் சோற்றில் கையை வைத்துக்கொண்டு அப்பா கத்தினார்: “ஏய், திட்டலடி, கேட்டேன்!”